யன்னல் திறவாத நூல் மில்

பிள்ளைகளே, நேற்றுத் தலையணை கிழிந்து பஞ்சு பறந்தபோது நீங்கள் சிரித்தீர்கள். எனக்கோ, இப்போது இல்லாத, கடலோரத் தாராபுரத்து நூல் மில் மணத்தது. காற்றுப் பட்டால் இழை அறும் என்று யன்னல்களுக்கு ஆணியடித்திருந்த அந்த வெக்கையில், பள்ளி விட்டு வந்து நானிருக்க, அம்மா அறுந்த இழைகளை விரலால் முறுக்கி ஒட்டிக்கொண்டேயிருப்பார். ஒருநாள் கூரை இடுக்கால், கடலைக் கொந்தளிக்கவைக்கும் சோளகக் காற்றுப் புகுந்து இழைகள் ஓயாமல் அறுந்தன.

“ஐயா, அவர் கடலில நிக்கிறார். ஒருக்காக் கரையைப் பாத்திட்டு வாறன்,” என்றார் அம்மா, மீன்பிடிக்கப் போயிருந்த அப்பாவை நினைத்து.

“இவ்வளவு நூல் அறுந்து கிடக்க, கடல் பாக்கப் போறியோ பிள்ளை?” என்றார் மேற்பார்வையாளர்.

காற்று ஏற ஏற இழைகள் அறுந்தன. அம்மாவால் நகர முடியவில்லை. வேலை முடியும் சங்கு ஊதியதும் கரைக்கு ஓடினோம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த அப்பா, “இஞ்சாரும், ஒரு பகலுக்குள்ள தலை நரைச்சுப்போச்சே?” என்றார். அம்மா தலையில் படிந்திருந்த பஞ்சைத் தட்டாமல் அழுதார்.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், எல்லா யன்னல்களையும் திறந்துவைத்து, பஞ்சு பறக்கப் பறக்கத் தலையணையைத் தைத்தேன்.