பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்ன அட்டை

சூரமங்கலத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், பழைய நாணயமும் தபால்தலையும் அட்டைகளும் வாங்கி விற்கும் கடை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக மதிப்பீட்டாளராக இருக்கிறேன். சமூகப்பணி படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். புதிதாகச் சேருகிறவர்கள் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது மேச்சேரி கோமதி அம்மாவின் அட்டையைப் பற்றி.

1. வாட்ஸ்அப்பில் வந்த படம்

கோமதி அம்மாவின் கணவர் லாரி ஓட்டுநர். முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியதால், இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் சிறுவயதில் பபுள்கம் பாக்கெட்டிலிருந்து சேர்த்த கிரிக்கெட் அட்டைகள் பிஸ்கட் டப்பா ஒன்றில் கிடந்தன. அந்த அம்மா எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார். அவற்றில் ஒன்று பிழை அச்சு: ஒருவர் படத்தின் கீழ் வேறொருவர் பெயர். கம்பெனி உடனே நிறுத்திவிட்டதால் மிகச் சிலவே வெளியே வந்தவை. கார்னர் நான்கும் கூர்மை. சர்ஃபேஸில் கீறல் இல்லை. சென்னையில் வாங்குபவர் ஒருவரிடம் பேசிவிட்டு அந்த அம்மாவை அழைத்து விலையைச் சொன்னேன்.

"ஏனுங்க சார், நெசமாலுமா? அதுல பதினஞ்சு பெட்டையாடு வாங்கிப்போடலாமுங்க. அவரு மறுக்கா லாரி ஏற வேண்டியதில்லைங்க" என்றார்.

"திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக்குங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை.

2. திங்கட்கிழமை

இருவரும் வந்தார்கள். அவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார்.

"பஸ்ஸுல ஒரு சீட்டு கெடச்சுதுங்க. பைய உக்கார வெச்சுட்டு என்னைய நிக்க வெச்சுட்டா. ஊட்டுல இப்ப அட்டைக்குத்தானுங்க மருவாதி!"

"சும்மா வாங்க நீங்க" என்று சிரித்தபடி அந்த அம்மா மஞ்சள் துணியைப் பிரித்தார்.

அட்டை பளபளத்தது. லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் அப்படியே.

"பாப்பா மார்க்‌ஷீட்டு, நெலத்துப் பட்டா எல்லாமே இப்படித்தானுங்க வெச்சிருக்கோம். தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் கோமதி அம்மா பெருமையாக.

முதலாளி லென்ஸ் வைத்துப் பார்த்தார். லென்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சொல்லவேண்டியவன் நானானேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் அச்சும் சேர்ந்து வந்துவிடும். சென்னைக்காரரை அழைத்தேன். "லேமினேட் பண்ணிட்டாங்களா? வேண்டாங்க" என்று இணைப்பைத் துண்டித்தார்.

பையிலிருந்த டப்பாவில் மற்ற அட்டைகள் அப்படியே பழுதில்லாமல் இருந்தன. விலை சொல்லாததால் அவற்றை யாரும் தொடவில்லை.

"நீங்கதானுங்களே பத்திரமா வெய்யின்னு சொன்னீங்க?" என்றார் கோமதி அம்மா. அது குற்றச்சாட்டு அல்ல. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

3. பிறகு

மீதி அட்டைகளுக்குக் கிடைத்தது இரண்டு ஆடுகளின் விலை. மறு மாதமே அவர் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரி ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

"விலை சொல்றதோட நம்ம வேலை முடிஞ்சுது. நீ ஏம்ப்பா மனசப் போட்டு ஒழப்பிக்கிற?" என்றார் முதலாளி. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அத்தனை ஆண்டுகள் கேட்பாரற்றுத் துருப்பிடித்த டப்பாவில் பிழைத்துக் கிடந்த அட்டை, நான் விலை சொன்ன மூன்றே நாளில் அழிந்தது.

இப்போது யார் அழைத்தாலும் விலைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்க ஊட்டுல ஒரு பொருளப் பத்திரமா வெக்கணும்னா என்னங்க பண்ணுவீங்க?"

சென்ற வாரம் திருச்செங்கோட்டிலிருந்து பேசிய பெரியவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார்: "நாலு பக்கமும் செலோடேப் ஒட்டிருவேனுங்க சாமி."

அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். விலையைக் கடைசியில்தான் சொன்னேன்.