செல்லியம்மாளின் சாமி பட்டணத்தில் தங்கப் பார்த்த கதை

ஆரம்பாக்கத்தில் நாற்று நடும் செல்லியம்மாளை மற்ற நாட்களில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆடியில் அவள்மேல் அங்காளம்மன் இறங்கிவிட்டால், நிலத்துக்காரர் மணவாளனே கைகட்டி நிற்பார். அந்த மரியாதை ஒன்றுதான் அவள் சொத்து.

எழுபத்திரண்டாம் வருடம், பட்டணத்துப் பல்கலைக்கழக மானிடவியல் துறை, கருத்தரங்கில் சாமியாடிக் காட்ட அவளை அழைத்தது. உடுக்கை அடித்தார்கள். அம்மன் வந்தாள். வந்தவள் செல்லியம்மாளை விட்டுவிட்டுத் துறைத்தலைவர் பரசுராமன்மேல் இறங்கிவிட்டாள்! கோட்டும் கண்ணாடியுமாக மனிதர் மேசைமேல் ஏறி ஆட, மாணவர்கள் பயபக்தியோடு குறிப்பெடுத்தார்கள்.

செல்லியம்மாள் மேசையருகே ஓடினாள். சாமியில்லாமல் ஊருக்குப் போனால் அவளை யார் மதிப்பார்கள்? முறைப்படி கற்பூரம் ஏற்றிக் கேட்டாள்.

"இன்னாம்மா, என்னை உட்டுட்டு இங்கயே குந்திக்கினியா? நான் இன்னா கொறை வெச்சேன்?"

செந்தமிழ் தவிர வேறு பேசியறியாத பரசுராமன் வாயால் அம்மன் சொன்னாள்: "அங்க ஒரே புழுக்கம்டீ. இங்க ஃபேன் கீது."

"இதுக்கா இம்மாம் பேஜாரு? நான் மாட்டிக் குடுக்கறேன், எறங்கி வா தாயே!"

பரசுராமன் மேசையைவிட்டு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்ற உரையைத் தொடர்ந்தார். செல்லியம்மாள் சாமிக்கும் சேர்த்து இரண்டு ரயில் டிக்கெட் வாங்கினாள்.

ஆடிக்குள் கோயிலில் ஃபேன் தொங்கியது. கரண்ட்தான் இன்னும் ஊருக்கு வரவில்லை. அதனால் மணவாளன் ஏணிமேல் நின்று கையால் றெக்கையைச் சுற்ற, அதன் கீழே செல்லியம்மாள் குளுகுளுவென்று சாமியாடினாள்.