நியூட்ரலா, சாமி?

ராமபத்ரன் பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதைத் தன் வாயாலேயே என்னிடம் ஒப்புக்கொண்டவருக்கு மீதியை இட்டுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் இது நடந்தது என்றே நம்புகிறேன்.

மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு பார்த்தவர் அவர். மலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்க, 1970-இல் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். சேறு, பாறை, ஓடை எதையும் விடாமல் ஏறும். ஹாண்ட் பிரேக் மட்டும் என்ன வேலை செய்தாலும் பிடிக்காது. அதனால் எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டு வைப்பார். கிளப்ப வேண்டுமென்றால் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். கியரை எடுக்க மறந்து சுற்றினால் வண்டி முன்னே பாயும். சுற்றுகிறவன் கதி அவ்வளவுதான்.

சுற்றியவன் சுள்ளிக்கல் மெக்கானிக் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரன். எட்டு வருஷம், ஒரு நாள்கூடத் தவறாமல், ஹாண்டிலில் கை வைக்குமுன் கேட்பான்: “நியூட்ரலா, சாமி?” டிரைவர் சீட்டில் இருக்கும் ராமபத்ரன் கியரை ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஆமாடா, சுத்து” என்பார்.

1978 ஜூலையில் ஒரு காலை, ஆட்டிப் பார்க்காமலே சொல்லிவிட்டார். ஜீப் பாய்ந்தது. மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில் இசக்கிமுத்து போய்விட்டான்.

“கேக்காம சுத்திட்டான்” என்று போலீஸிடம் சொன்னார். அதுதான் அந்தப் பொய்.

ஜீப்பை விற்க மட்டும் மனம் வரவில்லை. புது பாட்டரி, புது செல்ஃப் மோட்டார் போட்டார். கார்புரேட்டரைத் தன் கையாலேயே கழற்றித் துடைத்தார், ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் வைத்தார். ஆனால் ஹாண்டில் வைக்கும் இடத்தை, பின்சீட்டுக்கு அடியை, ஏழு வருஷமாகக் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

1985 ஜூலை. நாலு நாளாக விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். மாலை 6.20-க்கு மகள் ஸ்வர்ணலதாவுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கரண்ட் இல்லை, போன் செத்திருந்தது, ஆட்டோ எதுவும் ஓடவில்லை. எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு அந்தத் தண்ணீரில் போகக்கூடியது ஜீப் ஒன்றுதான்.

“கேட்டேளா, பனிக்குடம் உடைஞ்சுடுத்து” என்று மனைவி காமாக்ஷி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “சீக்கிரம் வண்டியை எடுங்கோ.”

6.31. செல்ஃபை அழுத்தினார். டிக்... டிக்... அவ்வளவுதான். ஈரத்தில் பாட்டரி இறங்கியிருந்தது.

வேறு வழியில்லை. பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஹாண்டில் தட்டுப்பட்டது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காயல் சேற்று வாடை. பிடியில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. மழை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மழை ஒழுகினால் சிப்பி ஏது என்று அப்போது தோன்றவில்லை.

கியரை நியூட்ரலில் தள்ளினார். மூன்று முறை ஆட்டிப் பார்த்தார். முன்னால் போய், மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஹாண்டிலைச் செருகினார்.

டக்.

பதினைந்து வருஷமாகக் கேட்ட சத்தம். கியர் விழுகிற சத்தம்...

ஓடிப்போய்ப் பார்த்தார். முதல் கியர். சீட்டில் யாரும் இல்லை.

மறுபடி நியூட்ரல். மறுபடி முன்னால் போனார்.

டக்.

உள்ளே மகள் அலறினாள். 6.40. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கியரை எடுத்து, அந்தக் கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். பானெட்டுக்கு முன்னால், ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மழை விழவில்லை.

ஹாண்டில் லேசாக அசைந்தது. கிர்ர்ர்...

“நியூட்ரலா, சாமி?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்லிப் பழகிய வார்த்தைதான். கையைப் பார்த்தார். பிடித்திருந்த பிடியிலேயே கம்பு முதல் கியருக்குப் போயிருந்தது.

“இல்லைடா” என்றார். “கியர்ல இருக்கு. அன்னிக்கும் கியர்லதான் இருந்தது. நீ கேட்டே... நான் பாக்காம சொல்லிட்டேன்.”

கம்பிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார்.

கம்பு தானாக நடுவுக்கு வந்தது.

ஹாண்டில் ஒரே ஒரு சுற்று சுற்றியது. என்ஜின் பிடித்துக்கொண்டது.

6.47.

இரவு 8.10-க்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ராமபத்ரன் ஜீப் முழுக்கத் தேடினார். ஹாண்டில் எங்கும் இல்லை. பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிடி கறுப்புச் சேறு கிடந்தது. உள்ளே போய்க் காமாக்ஷியிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஏழு வருஷத்துப் பொய்யையும் சேர்த்து.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அந்த ஹாண்டில் ஜீப்புல கிடையவே கிடையாது” என்றாள். “அவன் போன பதினாறாம் நாள் அவன் பொண்டாட்டி மாயம்மாள் வந்தா. நீங்க பஸ்ல மலைக்குப் போயிருந்தேள். ஜீப் நம்மாத்து வாசல்ல நின்னது. ஹாண்டிலை எடுத்துண்டு நேரா ஜெட்டிக்குப் போனா. என் கண் முன்னாடி காயல்ல வீசினா. உங்ககிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரலை.”

“வீசறச்சே ஏதாவது சொன்னாளா?”

காமாக்ஷி பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“‘எம் புருசன் கேக்காம சுத்துற ஆளில்ல. கேட்டாரா இல்லையான்னு, அவரே இதை எடுத்துட்டு வந்து சாமிகிட்ட கேக்கட்டும்’னு சொன்னா.”