தலைகீழாகத் தெரிந்த பஷீர்

போன வாரம் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதும் வேலை என் தலையில் விழுந்தது. கிழவனிடம் இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறதென்று வீட்டில் நம்புகிறார்கள், பாவம். வாயில் வைத்ததும் அந்த ரப்பர் வாடை ஏறியது, பலூனைக் கீழே வைத்துவிட்டேன். "வெடிச்சிடும்னு பயமா தாத்தா?" என்றாள் பேத்தி. வெடித்தால் எனக்குப் பயமில்லை. பலூன் கீழே இறங்கினால்தான் பயம்.

அறுபதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையின் பள்ளத்தாக்கு ஒன்றில் காற்றை அளக்கும் உத்தியோகம். காற்றுக்கு அளவு எடுக்கும் தையல்காரன் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். வாயு அடைத்த பலூனைப் பறக்கவிட்டு, அது போகும் வழியைத் தொலைநோக்கியில் விடாமல் துரத்தவேண்டும். பள்ளத்தாக்கில் நான், மலைமுகட்டில் இன்னொரு தொலைநோக்கியோடு வாணியம்பாடி பஷீர். இரண்டு பேர் பார்த்த கோணமும் சேர்ந்தால்தான் கணக்கு வரும். அவன் தயார் என்றால் சிவப்புக் கொடி ஆட்டுவான், அது வெறுங்கண்ணுக்கே தெரியும். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

ஓடை பாறையைத் தாண்டுவதுபோலக் காற்றும் மலையைத் தாண்டி அலையலையாகப் போகும். அப்போது வானத்தில் தோசை அடுக்கிவைத்த மாதிரி ஒரு மேகம் வந்து நிற்கும். எவ்வளவு காற்றடித்தாலும் இடத்தைவிட்டு அசையாது. அது நின்றால் முகட்டில் காற்று எந்த நேரமும் கீழ்நோக்கிப் பாயலாம், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அன்று காலையிலேயே நின்றது.

"இன்னிக்கு வேணாம்டா" என்றேன்.

"அதப் பாக்கத்தானே சம்பளம் குடுக்கறாங்க, இன்னாபா நீ! போய்ட்டு வர்றேன்" என்று ஏறிவிட்டான் பஷீர்.

கொடி ஆடியது. பலூனை விட்டேன். மேலேறியபடியே முகட்டுப் பக்கம் போனது. திடீரென்று யாரோ உள்ளங்கையால் அழுத்தினதுபோல இறங்கி, பஷீர் நின்ற இடத்தருகே மறைந்தது. மேலே மரங்கள் படுத்து எழுந்தன. அதற்குப் பிறகுதான் காற்றின் இரைச்சல் எனக்குக் கேட்டது. கொடியைக் காணோம். தொலைநோக்கியை முகட்டுக்குத் திருப்பினேன்.

பஷீர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

கத்திக்கொண்டே ஓடினேன். எங்களுக்குக் குடிசை கொடுத்திருந்த சாமை விவசாயி காளி, "இன்னா சார், இன்னா ஆச்சுங்க?" என்று கூடவே ஓடிவந்தார். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் மனைவியிடம் என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்பதுதான் வழியெல்லாம். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

முகட்டில் பஷீர் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை மேலே, கால் கீழே, சரியாகத்தான் இருந்தான். "கொடி போய்ட்ச்சிபா. நானும் போயிருப்பேன்."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். உருண்டைப் பலூனையே பார்த்துக் கிடந்தவனுக்குத் தலையேது, காலேது? அதில் மனிதனைப் பார்த்தது அன்றுதான். விஷயம் தெரிந்ததும் காளி சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மறுபடி இரைச்சல் வருகிறதா என்று காதைத் தீட்டியபடி இறங்கினோம்.

பஷீருக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. அவன் போய்ச் சில வருடங்களாகிறது. ஜன்னல் சாத்திய ஆஸ்பத்திரி அறையில், காற்றே இல்லாமல். காளியின் குடிசையும் இல்லை. பலூனைக் கண்ணால் துரத்தும் உத்தியோகமும் அங்கே இல்லை. சமீபத்தில் ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் மேலே போனேன். அந்த மேகம் மட்டும் அப்படியே நின்றது. பழக்கதோஷம், சட்டென்று முகட்டைப் பார்த்தேன். பதறுவதற்கு அங்கே யாரும் இல்லை.