வலிக்கு

வேளிக் காயலோரம் என் பழைய பாய்மரப் படகைத் தடிக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன். அதன் வயிற்றுக்குள் ஏறி இறங்கும் கீல் ஒன்று உண்டு. படகு கவிழாமல் காக்கும் இரும்புப் பலகை அது. அடி நுனியில் கனத்த குண்டு. துருப்பிடித்துப்போய்விட்டது, கழற்றியே ஆகவேண்டும். தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். நாலு வீடியோ பார்த்ததில் நான் மேதாவியாகியிருந்தேன்.

உதவிக்கு வந்தவர் கரமனையில் எங்கள் வீட்டு மதிலைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து இரண்டு மாதம்தான், மலையாளம் பிடிபடவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணாச்சி என்பேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடப்பானேன் என்று கூடவே வந்துவிட்டார்.

மேலேறிய கீலைத் தாங்குவது ஒரு தடித்த இரும்புப் பின். பாரம் இருக்கும்வரை அது அசையாது. கீலை ஒரு விரற்கடை தூக்கி, பின்னை உருவி, பிறகு மெல்ல இறக்க வேண்டும். நான் மேலே, படகுக்குள், பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி அடியில்.

“எவ்வளவு தூக்கணும்னு பாத்துச் சொல்லுங்கோ” என்றேன். அவர் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது.

குண்டுக்கும் படகின் அடிக்கும் நடுவே சிப்பி அப்பியிருந்ததாம். சுரண்டக் கையை விட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. சங்கிலியை இரண்டு இழுப்பு இழுத்தேன்.

“வலிக்கு” என்றார்.

இழுத்தேன்.

“வலிக்கு சார், வலிக்கு.”

அவர் ஊரில் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம். நான் படித்த பள்ளியில், ஏறிய பஸ்ஸில், வேலை பார்க்கும் ஆபீசில் எல்லாம் மலையாளம்; அதில் வலிக்கு என்றால் இழு. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாய்ப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அடுத்து வந்தது வெறும் அலறல். அதற்குப் பிறகுதான் எனக்குத் தமிழ் புரிந்தது. வீட்டில் பேசுவது தமிழ்தான் என்று பெருமையடித்துத் திரிந்தவன் நான். நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், துண்டில் சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒன்றையே கேட்டார்: “கரண்டி பிடிக்க முடியும்லா சார்?” கொத்தனாருக்குக் கரண்டி பிடிக்கும் கைதான் சோறு.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மலையாளமும் இங்கிலீஷுமாய் என்னிடம் மளமளவென்று சொன்னார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது. அந்த வேலைக்கு அவர் திரும்பப் போவது கஷ்டம்.

“என்ன சொல்லுதாவ?” என்று அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார்.

இந்த முறை எனக்கு ஒவ்வொரு சொல்லும் சரியாகவே விளங்கியிருந்தது.

“கொஞ்ச நாள் ஆகுமாம். சரியாயிடுமாம்.”

என் முகம் போன போக்கைப் பார்த்து, “நாள்தான சார், விடுங்க” என்று நல்ல கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.