மூன்று இழை நல்லசிவம்

நாட்டின் தலைநகரில், கிட்வாய் நகர் குடியிருப்பில் ஃபியூஸ் போனால் முதலில் நல்லசிவத்தைத்தான் கூப்பிடுவார்கள். கோடையில் வீட்டுக்கு வீடு கூலர் ஓடும், ஃபியூஸ் பறக்கும். மற்றவர்கள் ஒரு செம்பு இழை போடும் இடத்தில் அவர் மூன்று இழைகளை முறுக்கிப் போடுவார். "இனிமே போகவே போகாது" என்பார். போகவும் போகாது. நாட்டுக்குத் தன்னால் ஆன சேவை இதுதான் என்று மனசார நம்பினார்.

மத்திய அரசில் தணிக்கைப் பிரிவு வேலை. மனைவி உஷாராணி விசேஷங்களுக்குச் சமைத்து அனுப்பத் தொடங்கியபோது, அவள் பெயரில் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று வாங்கினார்கள். டாஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டிய நல்லசிவம், தலைக்குப் பின்னால் சிவப்பு பல்பும் வைத்தார். சாவியைத் திருப்பியதும் பிள்ளையார் ஒளிர வேண்டும் என்று இக்னிஷன் ஃபியூஸிலிருந்தே ஒயர் இழுத்தார்.

அன்று முதல் அந்த ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. கூடவே இன்ஜினும் நின்றது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. போட்டார் மூன்று இழை. பிறகு போகவே இல்லை.

மயூர் விஹாரில் ஒரு கல்யாணம். காலை டிபன் உஷாராணியுடையது. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். இட்லி, பொங்கல், சாம்பார் அண்டாக்களோடு வண்டி நிஜாமுதீன் பாலத்தில் ஏறியது. பிள்ளையார் புகைய ஆரம்பித்தார்.

"ஏங்க, சாம்பிராணியா போட்டிய?"

இன்ஜின் இருமிவிட்டு நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. "அரே பாய்சாப், ஹடாவ்!" என்று வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினான்.

நல்லசிவம் ஓடிப்போய் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். மூன்று இழையும் புது மெருகு குலையாமல் மின்னின.

"ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு உஷா!"

"ஃபியூஸ் நல்லாருக்கு. வண்டிதான் எரியுது."

குனிந்து பார்த்தார். பல்பு ஒயர் டாஷ்போர்டின் தகர விளிம்பில் உரசி, தோல் போய், தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தொட்டபோதும் ஃபியூஸ் ஆட்சேபம் எழுதியிருக்கிறது. ஆட்சேபம் எழுதியே சம்பளம் வாங்கும் மனிதர், ஆட்சேபித்தவரை மாற்றல் செய்துவிட்டு, தலையாட்டும் ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். ஃபியூஸ் உருகாததால் ஒயர் உருகியது. கூடச் சேர்த்துக் கட்டியிருந்த இக்னிஷன் ஒயரும் கருகிவிட்டது.

"முகூர்த்தம் முடிஞ்சு எல்லாரும் பந்திக்கு வந்துருவாங்க. ஜல்தி!" உஷாராணி கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

பல்புப் பக்கம் கருகாமல் மிஞ்சிய ஒயரை அறுத்து, இக்னிஷனுக்கு ஒட்டுப் போட்டார். ஃபியூஸில் கட்ட இழையைப் பிரித்தபோது உஷாராணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

வண்டி கிளம்பியது. பிள்ளையார் ஒளிராமல் வந்தார்.

மண்டபத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. உட்கார்ந்தவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்டா இறங்கியது, முதல் இட்லியில் ஆவி பறந்தது. உஷாராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் போய், பந்தியில் விளக்கும் விசிறியும் நின்றன. கிட்வாய் நகர்க்காரரான பெண்ணின் அப்பா மகாதேவன் முகம் மலர ஓடி வந்தார்.

"சார், நல்ல வேளை நீங்க இருக்கீங்க! தடியா கம்பி போட்டு விடுங்க, இனிமே போகவே கூடாது!"

உஷாராணியின் சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது.

கரி படிந்த விரல்களை நல்லசிவம் வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். "கம்பி இருக்கட்டும் சார். ஃபியூஸ் என்னமோ சொல்லுது. முதல்ல என்னன்னு கேப்போம்."

கரண்டி இறங்கியது.