நாயின் கால்

இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறையில் நான் படித்த சீன மொழி முழுக்க நாய்தான். 2014 கோடையில் சீனச் சுற்றுலாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்க, அவர்களுக்குச் சமைக்கவென்று ஒரு சீனப் பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். என் வயதுதான். வாய் ஓயாது. எங்கள் இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஜெர்மன். அதில்தான் அவள் எனக்கு ஏச்சுகளைச் சொல்லித் தந்தாள்.

நாயை அவர்கள் 'கோவ்' என்பார்கள். மனைவி ஊரில், நான் இங்கே தனியே என்றதும் எனக்குத் 'தனிக்கட்டை நாய்' என்று பெயர் வைத்துவிட்டாள். அவளுடைய ஊர் இளசுகள் தங்களையே அப்படிச் சொல்லிச் சிரிப்பார்களாம். ஓவர்டைம் செய்கிறவன் ஓவர்டைம் நாய். தலைமைச் சமையல்காரர் காலையில் வைக்கும் பிரசங்கம் நாய்க்குசு. நானும் சும்மா இருக்கவில்லை. எங்களிடமும் நாய்ப் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது என்றேன். அகப்பையால் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு கவலை. மனைவியை இங்கே எடுக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். இவருக்கு நிரந்தர வேலை உண்டு என்று தலைமைச் சமையல்காரர் கடிதம் தரவேண்டும். ஐந்து வருஷமாக டெலிபோனில் குடும்பம் நடத்தியவன் நான். அதனால் அந்த மனிதர் இருமினால் தண்ணீரோடு ஓடினேன்.

ஒருநாள் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, சட்டிகள் ஏன் கழுவாமல் தேங்குகின்றன என்று கேட்டார். பாத்திரம் கழுவுகிறவர் எங்கள் ஊர் ஆள், என்னைவிட மூத்த அண்ணை ஒருவர். அவர் களஞ்சிய அறைக்குப் பின்னால் போய்க் குந்தியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை. மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கும்படி அன்றைக்கே அவருக்கு அறிவித்தார்கள்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சீனப் பெண் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் அவள் சிரிக்கவில்லை. வெங்காயம் வெட்டியபடியே, "கோவ் துயி" என்றாள். இது என்ன புது நாய் என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன். நாயின் கால் என்றாள். பெரியவனுக்காக ஓடி ஓடி, கூட நிற்கிறவனைப் பிடித்துக் கொடுக்கிறவனுக்கு அதுதான் பெயராம். இது பகிடி இல்லை என்றும் சொன்னாள்.

எனக்கு வந்த கோபம்! "நீ ஆரடி எனக்குச் சொல்ல?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். காட்டிக்கொடுக்கிறவன் என்ற சொல்லுக்குச் சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் என்ன பாரம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அது எனக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று பின்னேரமே தலைமைச் சமையல்காரரிடம் போனேன். அண்ணைக்கு முழங்காலில் வருத்தம், தெரிந்தும் மறைத்துவிட்டேன், அவரை வேலையால் நிறுத்தாமல் கதிரையில் இருத்தி மரக்கறி வெட்ட விடுங்கள், சட்டிகளை நான் கழுவுகிறேன் என்றேன். அவர் சம்மதித்தார். ஆனால் கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சரி, கடிதம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணையிடமும் போய் உண்மையைச் சொன்னேன்.

"நீயோ சொன்னனீ?"

"ஓம் அண்ணை."

"சரி, போய்ச் சட்டியைக் கழுவு."

கடிதம் மூன்று மாதம் பிந்திக் கிடைத்தது. மனைவி வந்து இறங்கிய அடுத்த கிழமை அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். சீனப் பெண்ணைக் காட்டி, ஒன்றும் மறைக்காமல் முழுக் கதையும் சொன்னேன். இந்த நாட்டில் எனக்கு இவள் செய்த உபகாரத்தை வேறு ஒருவரும் செய்யவில்லை என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மனைவி அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் இஞ்ச நிண்டிருந்தாலும் உங்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பன்."